மருந்துக்குள் மறைந்த வைரசு

ஜோனாஸ் சோல்க் ஆக்கிய இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து 1955ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாட்டில் வழங்கப்படலாயிற்று. அதற்கு வேண்டிய போலியோ வைரசு, ஆசியாவின் செம்முகக் குரங்குகளின் சிறுநீரகக் கலங்களில் வளர்க்கப்பட்டு, பின்னர் போமலின் இட்டுக் கொல்லப்பட்டது. அக்குரங்குகளிடத்தே இயல்பாக வாழும் வேறொரு வைரசும் உடன்வந்ததை எவரும் அறிந்திலர். அக்குரங்கினத்தின் கலங்களுக்கு அது பழகிய விருந்தாளி. ஆதலின் அவை வாடவுமில்லை, சிதையவுமில்லை. அவற்றை நோக்கித் தூய்மையை அறிய முயல்வது, திருடனைப் பிடிக்க அவன் வீட்டு நாயையே காவல் வைப்பதை ஒக்கும்.

1960இல் பென் சுவீற், மோறிஸ் ஹில்மன் என்னும் இருவர் ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின் கலங்களில் அதனை இட்டுப் பார்த்தனர். கலங்களினுள்ளே குமிழிகள் தோன்றின. எஸ்.வி. 40 எனப் பெயர்பெற்ற அவ்வைரசு போமலினாலும் முற்றாக மடிந்திருக்கவில்லை. புதிய மருந்தில் அது இருத்தலாகாதென 1961இல் அரசு விதித்தது. எனினும் பழைய மருந்து 1963 வரை வழக்கிலிருந்தது. ஒரு கோடி முதல் மூன்று கோடி அமெரிக்கர் வரை அதனைப் பெற்றிருக்கலாமென்பது மதிப்பீடு. ஆம்ஸ்டர் எலிகளிலே கட்டிகளை விளைத்த அவ்வைரசு, ஊசி பெற்ற மக்களிடையே புற்றுநோயைப் பெருக்கியதாக நெடுங்கால ஆய்வுகள் காட்டவில்லை. அது நற்பேறேயன்றிச் சோதனையின் திறமன்று.

அரை நூற்றாண்டின் பின்னரும் இடர் தீர்ந்தபாடில்லை. பொஸ்டன் நகரின் ஓல்ஸ்ற்றன் பகுதியிலுள்ள ஜென்சைம் ஆலையில் கலங்களின் விளைச்சல் குன்றிற்று. வழமையான சோதனைகள் காரணம் காட்டவில்லை. தனியாக ஆக்கப்பட்ட நுண்ணிய சோதனையொன்றே வெசிவைரசு 2117 என்பதைக் காட்டியது. 2009 யூன் மாதத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. மனிதரை அவ்வைரசு வருத்துவதாக அறியப்படவில்லை. வருந்தியவர்கள், கோஷே, பபிறி ஆகிய அரிய பிறவி நோய்களுக்கு அவ்வாலையின் மருந்தையே நம்பியிருந்தவர்கள். அவர்களுக்கு அளவு குறைத்தே மருந்து பங்கிடப்பட்டது.

கலங்களை வளர்த்துச் சோதிக்கும் பழைய முறைக்கு 28 நாட்கள் வரை செல்லும். வைரசின் மரபுப் பொருளைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். முறை சில மணி நேரத்தில் விடை தரும். ஆனால் எதனைத் தேடுகிறோமென முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். மரபுத் தொடர்களை எல்லாம் ஒருங்கே வாசிக்கும் புதுமுறைக்கு அவ்வரம்பில்லை. 2010இல் ரோட்டாறிக்ஸ் என்னும் குழந்தைத் தடுப்பு மருந்திலே பன்றியின் சேர்க்கோவைரசு இருந்ததை இம்முறையே வெளிப்படுத்தியது. மார்ச்சில் அமெரிக்காவில் அதன் பாவனை இடைநிறுத்தப்பட்டு, தீங்கிற்குச் சான்றில்லாமையால் மே மாதத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. விலங்குச் சோதனைகளுக்கும் கலச் சோதனைகளுக்கும் பதிலாக இம்முறையைக் கையாள 2023இன் சர்வதேச நெறிமுறை வழிவிட்டது. ஆயினும் மரபுத் துணுக்கு உள்ளதெனின் உயிர்ப்புள்ள வைரசு உள்ளதென்று பொருளாகாது. அதனைத் துணிய, மீண்டும் கலங்களையே நாடவேண்டியுள்ளது.