ஊரிசு கல்லூரியின் எப்.ஏ. வகுப்பு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது? தோல் பதனிடும் ஆலையிலும் காலணித் தொழிற்சாலையிலும் உழைத்துப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு அது சிறிய கேள்வியன்று. வணிகவியலைத் தேர்ந்தால் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் வழி மிகக் கடினமாகிவிடும். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இத்தகைய முடிவைக் கேட்கும் வழக்கம் எவ்வாறு வந்தது?

அவ்வரலாற்றின் ஒரு முனை வேலூரிலேயே இருக்கிறது. 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் கல்விப் பணியில் வளர்ந்தது ஊரிசு கல்லூரி. 1898இல் கல்லூரி நிலை பெற்ற அது, அன்றைய வழக்கில் ஓர் ‘இரண்டாந்தரக் கல்லூரி’. தரம் குறைந்தது என்பதன்று இதன் பொருள். பட்ட வகுப்பு இல்லாது எப்.ஏ. வரை மட்டும் கற்பித்தது என்பதே. பட்டப் படிப்புக்கு முந்திய அவ்விரண்டாண்டு வகுப்பில் ஆங்கிலம், இரண்டாம் மொழி, கணிதம், உடலியல், கிரேக்க உரோமை வரலாறு எனப் பல துறைகளையும் மாணவர் சேர்த்தே பயின்றனர். பிரிந்து செல்வது அதன் பின்னரே.

இது ஆங்கிலேயர் கண்டுபிடித்த முறையுமன்று. 13ஆம் நூற்றாண்டில் பாரீசு பல்கலைக்கழகத்தில் இறையியலுக்குச் செல்வோர் முதலில் கலைப் புலத்தில் பயில வேண்டியிருந்தது. புனித அக்குவினா தோமையாரும் நேப்பிள்சு நகரில் அக்கலைகளைக் கற்ற பின்னரே இறையியலுக்கு வந்தார்.

ஊரிசு கல்லூரியில் எப்.ஏ. பயின்றவர்களுள் ஒருவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அங்கிருந்து சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்குச் சென்ற அவர், தத்துவத்தை எடுத்தது ஆய்ந்து செய்த தேர்வன்று. பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவ நூல்களைக் கொடுத்தார். நூல் வாங்கப் பணமில்லாத மாணவருக்கு அதுவே பாடமாயிற்று. தற்செயல்தான். ஆயினும், எந்தத் துறைக்கும் திரும்பக்கூடிய நிலையில் அவரை எப்.ஏ. விட்டுவைத்திருந்ததால் அன்றோ அந்தத் தற்செயல் பயன் தந்தது!

இதே எப்.ஏ. இன்னொருவரை வதைத்தது என்பதையும் மறைக்கலாகாது. கணிதம் ஒன்றிலேயே மூழ்கிய சீனிவாச இராமானுஜன், உடலியல் முதலிய பாடங்களில் தவறி, கும்பகோணத்திலும் பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் படித்தும் எப்.ஏ. தேறவில்லை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்துத் தன் விதியைத் தானே தளர்த்த நேர்ந்தது. பல பாடங்களைக் கற்பித்தது குற்றமன்று. ஒவ்வொரு பாடத்தையும் தாழிட்ட கதவாக்கியதே குற்றம் என்பது என் கருத்து.

எப்.ஏ. போய், விருப்பப் பாடங்களைக் கொண்ட இண்டர்மீடியட் வந்தது. அது 1950களின் நடுவில் ஓராண்டுப் புகுமுக வகுப்பாகச் சுருங்கியது. இடையில், 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அதே இராதாகிருஷ்ணன். பல்கலைக்கழகத்திற்கு முன் பன்னிரண்டு ஆண்டுக் கல்வி வேண்டும் என்றும், தொழிற்கல்வி பயில்வோர் உட்பட அனைவருக்கும் பொதுக்கல்வி வேண்டும் என்றும் அக்குழு 1949இல் பரிந்துரைத்தது. 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது பன்னிரண்டு ஆண்டு என்ற கணக்கு நிறைவேறிற்று. பொதுக்கல்வி வரவில்லை. முன்பு பதினோராண்டுப் பள்ளிக் கல்விக்குப் பின் புகுமுக வகுப்பில் பாடம் பிரிந்தது. இப்போதோ பத்தாண்டிலேயே பிரிவு. இண்டர்மீடியட்டையும் புகுமுக வகுப்பையும் நினைந்து ஏங்கும் முதியோர், தேர்வு ஓராண்டு முந்திப்போன இதனைக் குறிப்பிடுவதில்லை.

இழப்பு எத்தகையது என்பதைப் பாலாற்றங்கரையில் நின்று பார்க்கலாம். தோல் ஆலைக் கழிவினால் நிலமும் கிணறும் கெட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டி 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிணற்றில் குரோமியம் என்ன செய்கிறது என்பது வேதியியல். ஆலைகள் இவ்வாற்றங்கரைக்கு எவ்வாறு வந்தன என்பது வரலாறு. மூடினால் எத்தனை குடும்பம் பட்டினி கிடக்கும் என்பது பொருளியல். அந்தக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த நம் பிள்ளைகளில், அறிவியல் எடுத்தவர் பத்தாம் வகுப்போடு வரலாற்றை மூடிவிடுகிறார். வணிகவியல் எடுத்தவர் வேதியியலை.