மறதியும் கணையாழியும்



காதலும் மர்மமும் கலந்த நாவல்களில் ஒரு வகை உண்டு. தலைவி கருவுற்றிருக்கின்றாள், தலைவனோ ஒரு விபத்தினால் நினைவிழந்து, அவள் யாரென்றே அறியாதவனாகின்றான். நினைவு மீளுமா, பிறக்கும் குழந்தைக்குத் தந்தை கிட்டுவானா என்னும் ஐயமே நம்மை இறுதிப் பக்கம் வரையில் ஈர்த்துச் செல்கின்றது. 1942ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ராண்டம் ஹார்வெஸ்ட்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்திலும், குழந்தை பிறந்தவுடனே கணவன் விபத்துக்குள்ளாகி மனைவியை மறந்துவிடுகின்றான். இவையெல்லாம் மேனாட்டார் கண்ட புதுமை என்று கருதுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை.

கற்பனைக் கதைக்கு நமது செங்கற்பட்டுக் கடற்கரை புதியதன்று. பல்லவர் காலத்துப் புலவராகிய தண்டி, ‘அவந்திசுந்தரி கதை’ என்னும் வடமொழி உரைநடை நூலின் முகப்பில் மாமல்லபுரத்தைக் குறிப்பிடுகின்றார். அலைகள் வந்து தழுவும் திருமாலின் திருவுருவத்தை அவர் அங்குக் காண்கின்றார். அப்பொழுது அலையில் மிதந்து வந்த தாமரை ஒன்று இறைவன் திருவடியிற் பட்டதும் வித்தியாதரனாக மாறி விண்ணில் மறைகின்றது. இன்றைய நாவலாசிரியர் விபத்தையும் மருத்துவத்தையும் துணைக்கொள்ளும் இடத்தில், பண்டைக் கதைஞர் இத்தகைய அற்புதங்களையும் சாபங்களையும் துணைக்கொண்டனர்.

சாபத்தால் நேர்ந்த மறதிக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு காளிதாசரின் சாகுந்தலம். 1907ஆம் ஆண்டில் அந்நாடகத்தைத் தமிழாக்கித் தந்த மறைமலையடிகள், 1911 முதல் இப்பகுதியைச் சேர்ந்த பல்லாவரத்திலேயே வாழ்ந்தார்.

இக்கதையின் பழைய வடிவம் மகாபாரதத்தில் உள்ளது. அங்கே சாபமும் இல்லை, கணையாழியும் இல்லை. மகனை அழைத்துக்கொண்டு சகுந்தலை அரசவைக்கு வருகின்றாள். துஷ்யந்தனுக்கு எல்லாம் நினைவிருக்கின்றது. எனினும், ‘உன்னை அறியேன்’ என்று பொய் கூறுகின்றான். அவள் அஞ்சாது வழக்குரைக்கின்றாள். வானொலி சான்று பகர்ந்த பின்னரே, ஊரார் ஐயத்திற்கு அஞ்சி மறுத்ததாக அவன் ஒப்புக்கொள்கின்றான்.

காளிதாசர் இதனை இரண்டு வகையில் மாற்றினார். சகுந்தலை கருவுற்ற நிலையில் அவைக்கு வருகின்றாள். அரசனோ துருவாச முனிவரின் சாபத்தால் மெய்யாகவே அவளை மறந்திருக்கின்றான். அடையாளமான கணையாழி வழியில் நீர்த்துறையொன்றில் நழுவிப் போயிற்று. அரசன் பொய்யன் என்னும் பழி இவ்வாறு நீங்கிவிட்டது. ஆனால், அவளுடைய துயரம் நீங்கிற்றா? பொய்யால் கைவிட்டாலும் மறதியால் கைவிட்டாலும், வயிற்றில் குழந்தையுடன் வாயிலில் நின்றவள் அவளே அன்றோ?

கணையாழி ஒரு மீனின் வயிற்றினின்றும் வெளிப்படுகின்றது. அதனைக் கண்டெடுத்த ஏழைச் செம்படவனைக் காவலர் திருடனென்று பிடித்து அடிக்கின்றனர். மாமல்லபுரத்திலோ கோவளத்திலோ வலை வீசும் ஒருவர் இக்காட்சியைக் கண்டால், அவனுக்காக இரங்காதிருப்பாரா? மறந்தவன் அரசன், அடிபட்டவன் மீனவன்.

நினைவு மீண்ட அரசன் வருந்தியிருக்கும் வேளையில், அமைச்சரிடமிருந்து ஓர் ஓலை வருகின்றது. தனமித்திரன் என்னும் கடல் வணிகன் கலம் உடைந்து இறந்தான். அவனுக்கு மகப்பேறு இல்லை. ஆகவே பொருள் முழுவதும் அரசனைச் சாரும் என்பது அதன் செய்தி. ‘அவன் மனைவியருள் கருவுற்றவர் எவரேனும் உளரா?’ என்று அரசன் வினவுகின்றான். ஒருத்தி உளள் என அறிந்ததும், கருவிலிருக்கும் குழந்தைக்கே தந்தையின் பொருள் உரியது என்று தீர்ப்பளிக்கின்றான்.

இந்த நாடகத்தின் உயிர்நிலை இதுவென்றே நான் எண்ணுகின்றேன். தன் குழந்தையைக் கருவிலேயே மறுத்தவன், பிறர் குழந்தையின் உரிமையைக் கருவிலேயே காக்கின்றான். சாபத்தைக் காட்டி அவன் தப்பித்துக்கொள்ளவில்லை; மறதியால் விளைந்த கேட்டிலிருந்து ஒரு நீதியைக் கற்றுக்கொண்டான். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும், தந்தை இறக்கும்போது கருவிலிருந்து பின்னர் உயிருடன் பிறக்கும் குழந்தைக்கு, முன்னரே பிறந்த குழந்தைக்கு உள்ள உரிமையையே வழங்குகின்றது. அவ்வுரிமை எவருடைய நினைவாற்றலையும் நம்பி நிற்பதன்று.

ஆகவே, இத்தகைய நாவல்களை நீங்கள் வெறுக்க வேண்டுவதில்லை, விருப்புடன் படியுங்கள். ஆனால், நூலை மூடும்போது இரண்டு வினாக்களை எழுப்புங்கள். மறதியால் பழியினின்றும் தப்பியவர் யார்? அம்மறதிக்கு விலை கொடுத்தவர் யார்? இவ்விரண்டாவது வினாவுக்கும் விடை கூறும் கதையே காலத்தை வென்று நிற்கும்.