வெள்ளவத்தை–கல்கிசைத் தேர்தல் தொகுதி (1947–1960): மொழிச் சமத்துவக் கோரிக்கையின் ஒரு புறநகர்க் களம்

இலங்கையின் தேர்தல் வரலாறு பெரும்பாலும் கட்சிகளின் வரலாறாகவோ தலைவர்களின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு தொகுதியின் சமூக அமைப்புக்கும் அது தெரிவுசெய்த பிரதிநிதியின் கொள்கைக்குமிடையேயுள்ள தொடர்பு போதிய கவனம் பெறவில்லை. பதின்மூன்று ஆண்டுகளே நிலவிய வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதியை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடையது.

கொழும்பின் தென்னெல்லையில், காலி வீதியையும் கரையோரப் புகையிரதப் பாதையையும் தழுவி வளர்ந்த பகுதி இது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோர் அடுத்தடுத்து வாழ்ந்தனர். புகையிரதத்திலே கோட்டைக்குச் சென்றுவந்த எழுதுவினைஞரும் அரசாங்க உத்தியோகத்தரும் ஒருபுறம். வெள்ளவத்தை நூற்பு நெசவாலைத் தொழிலாளர் மறுபுறம். 1933இல் அவ்வாலையில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய தொழிற்சங்கத்தின் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா ஆவார். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கம் எதிர்நின்றமையால் அப்போராட்டம் தோல்வியுற்றது. ஆயினும் இரண்டாண்டுகளின் பின் உருவான லங்கா சமசமாஜக் கட்சிக்கு அது பயிற்சிக்களமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

1947இல் நடைபெற்ற முதலாவது பொதுத் தேர்தலில் கொல்வின் போல்ஷெவிக்–லெனினிஸ்ற் கட்சியின் சார்பில் இத்தொகுதியில் வெற்றிபெற்றார். 95 ஆசனங்களில் அக்கட்சி பெற்றவை ஐந்தே. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தை அக்கட்சி எதிர்த்தது. அச்சட்டமும் அதன் வழிவந்த 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையைப் பறித்தபோது, மலையகத்தில் இடதுசாரிகளுக்கிருந்த தேர்தற் பலமும் உடன் அழிந்தது. 1952இல் கொல்வின் தோல்வியுற்றார். 1953ஆம் ஆண்டு ஹர்த்தாலுக்குப் பின்னர், 1956இல் சமசமாஜக் கட்சி வேட்பாளராக மீண்டும் தெரிவானார்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசகரும மொழிச் சட்ட விவாதத்திலே, இரு மொழிகளை ஏற்பின் ஒரு நாடு, ஒரு மொழியை மட்டும் ஏற்பின் இரு நாடுகள் என்னும் கருத்துப்பட அவர் விடுத்த எச்சரிக்கை பிரசித்தமானது. அதனை வெறும் தனிமனித தீர்க்கதரிசனமாகக் கொள்வது போதாது. சிங்கள, தமிழ் வாக்காளர் ஒருங்கே வாழ்ந்த தொகுதியொன்றின் பிரதிநிதி அவர். இங்கே மொழிச் சமத்துவம் கட்சிக் கோட்பாடு மட்டுமன்று. அயலவர் உறவு, அரசாங்க உத்தியோகம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றோடு பிணைந்த நாளாந்தப் பிரச்சினையுமாகும்.

1959ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்தின் விளைவாக, 1960 மார்ச் தேர்தலோடு இத்தொகுதி மறைந்தது. அதன் இடத்தைக் கொழும்பு தெற்கும் தெகிவளை–கல்கிசையும் பகிர்ந்துகொண்டன. 1960இன் இரு தேர்தல்களிலும் கொல்வின் பாராளுமன்றம் புகவில்லை. 1967இல் அவர் மீண்டது களுத்துறை மாவட்டத்து அகலவத்தையிலிருந்தாகும். இதற்கிடையில், 1964இல் சமசமாஜக் கட்சி ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியோடு கூட்டரசாங்கம் அமைத்தபோது, சமத்துவக் கோரிக்கை கைவிடப்பட்டிருந்தது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு கொல்வினின் பொறுப்பில் உருவாயிற்று. சிங்களம் அரசகரும மொழியென அதிற் பொறிக்கப்பட்டது. சிறுபான்மையினருக்குக் காப்பாயிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை.

தொகுதி மாறியமையாற் கொள்கை மாறியது என முடிவுகட்டுவது யாந்திரிகமான பொருள்முதல்வாதமாகும். தெகிவளை–கல்கிசை 1970இல் சமசமாஜக் கட்சியின் விவியன் குணவர்த்தனவைத் தெரிவுசெய்தது. கொழும்பு தெற்கோ இரு அங்கத்தவர் தொகுதியாக, பேர்னாட் சொய்சாவையும் ஜே. ஆர். ஜயவர்த்தனவையும் ஒருங்கே அனுப்பியது. புறநகர் வாக்காளர் இடதுசாரிகளைக் கைவிடுமுன்னரே இடதுசாரித் தலைமை மொழிச் சமத்துவத்தைக் கைவிட்டது என்பதே சரியான கால வரிசை. 1977இல் சமசமாஜக் கட்சி ஓர் ஆசனமேனும் பெறாது வீழ்ந்தது.

சிங்கள வாக்குகளை இழந்துவிடுவோம் என்ற அச்சமே 1964இன் திருப்பத்துக்குக் கூறப்படும் நியாயம். ஆனால் அச்சமத்துவக் கோரிக்கையை முன்வைத்தே 1956இல் கலப்புத் தொகுதியொன்று வெல்லப்பட்டது. அக்கோரிக்கையைத் துறந்த பின்னரும் 1977 வந்தது. இனவாதத்துக்கு விட்டுக்கொடுத்து இனவாதத்தை வெல்லலாம் என்ற கணக்கு தேர்தற் கணக்காகவும் பிழைத்தது என்பதே இச்சிறு தொகுதியின் வரலாறு உணர்த்தும் பாடமாகும்.