காலி ரூம் யார் கையில்?

அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் கண் ஆபரேஷன். 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம்தான், ஆனாலும் நாகர்கோவில்காரர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் இன்னமும் அனந்தபுரிதான். போன டிசம்பரில், நியூஜெர்சியில் நடுராத்திரி உட்கார்ந்து தம்பானூர் பக்கம் ஒரு ஹோட்டலில் ரூம் தேடினேன். வெப்சைட்டில் இல்லை. போன் போட்டால், "ஃபுல்லாணு சார்". கடைசியில் வடசேரி டிராவல்ஸ் அண்ணாச்சியைப் பிடித்தேன். பத்தே நிமிஷம். அதே ஹோட்டல், அதே தேதி, இரண்டு ரூம்! "நமக்குன்னு கொஞ்சம் வச்சிருப்பாங்க தம்பி" என்றார்.

அப்போ அந்தப் பெண் சொன்னது பொய்யா? கொஞ்சம் கொசுவத்தி சுத்தினால்தான் விளங்கும்.

ஒரு காலத்தில் ரூம் கணக்கு முழுக்க ஹோட்டல் வரவேற்பு மேஜையின் லெட்ஜரில் இருந்தது. கடிதமோ தந்தியோ டிரங்க் காலோ, எது வந்தாலும் அந்த ஒரே நோட்டில்தான் எழுதியாக வேண்டும். 1970களில் கோவளத்தில் சார்லஸ் கொரியா வடிவமைத்த அரசு ஹோட்டல் வந்தது. பின்னாலேயே வெளிநாட்டு டூர் கம்பெனிகளும் வந்தன. சீசனுக்குப் பல மாதம் முன்பே விலை போட்டுப் புத்தகம் அச்சடிக்கிறவர்களுக்கு ரூம் நிச்சயம் வேண்டுமே! அதனால் 'இத்தனை ரூம் உனக்கு, விற்காததை இத்தனாம் தேதிக்குள் திருப்பிக் கொடு' என்று ஒப்பந்தம். அலாட்மென்ட் என்பார்கள். அந்தத் தேதி வரும்வரை ரூம் காலியாகக் கிடந்தாலும் அது மற்றவர் கண்ணுக்குக் காலி இல்லை.

நமக்கு இது புதுசா என்ன? ரயிலில் பொது கோட்டா, லேடீஸ் கோட்டா, 1997-லிருந்து தட்கல். அனந்தபுரி எக்ஸ்பிரஸில் நாம் வெயிட்டிங் லிஸ்டில் தவிக்க, இன்னொரு கோட்டாவில் பெர்த் சும்மா கிடக்கும்.

கம்ப்யூட்டர் வந்து எல்லாவற்றையும் ஒன்றாக்கியிருக்க வேண்டும். ஆனால் அதுவும் ஆளுக்கொரு பக்கமாகத்தான் வளர்ந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்.மும் கட்டிய சேபர் 1964-ல் முழுசாக ஓடத் தொடங்கியது. அடுத்த வருஷமே ஹாலிடே இன் தனக்கென்று ஹோலிடெக்ஸ் வைத்துக்கொண்டது. இரண்டும் பேசிக்கொள்ளாது. 1980களின் இறுதியில்தான் பெரிய ஹோட்டல் சங்கிலிகள் கூட்டாக ஓர் இணைப்பு நிறுவனம் தொடங்கின. தம்பானூர் லாட்ஜெல்லாம் அந்தக் கணக்கிலேயே கிடையாது. 1996-ல் எக்ஸ்பீடியா வந்தது, நெதர்லாந்தில் புக்கிங்.காமும் அதே வருஷம். இவர்களுக்கும் ஹோட்டல் குமாஸ்தா தினமும் 'இன்று ஐந்து ரூம்' என்று கையால் ஏற்றுவார். ஐந்தும் விற்றால் திரையில் 'இல்லை'. மாடியில் எட்டு ரூம் காலியாக இருக்கும்!

இப்போது எல்லா வெப்சைட்டையும் ஒரே எண்ணிக்கையில் கட்டிப்போடும் மென்பொருள் இருக்கிறது. ஆனாலும் ஒப்பந்த ரூம்கள் அதற்கு வெளியேதான்.

ஆக, அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவர் திரையில் இருந்ததைச் சொன்னார். "என் கையில் இல்லை, ஏஜென்டைக் கேட்டுப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். அண்ணாச்சி இல்லாத வீட்டு அம்மாக்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரிக்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு சும்மா அந்த வெப்சைட்டைத் திறந்தேன். 'இரண்டு ரூம் மட்டுமே பாக்கி!' என்று சிவப்பில் மின்னியது. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "ஆமா, மிச்சம் ரெண்டை இன்னைக்குத்தான் திருப்பிக் கொடுத்தேன்" என்றார். விலை மட்டும் எனக்குக் கொடுத்ததைவிட அதிகம் :-)