பிணை

'பிணை' என்றால் கட்டு. பிணைத்தல், பிணைப்பு, பூக்களைக் கோத்த பிணையல் எல்லாம் அந்தக் குடும்பம்தான். காவலிலிருந்து கிடைக்கும் விடுதலைக்குக் கட்டின் பெயர் ஏன்? வெளியே வருபவருக்காக இன்னொருவர் தம்மைப் பிணைத்துக்கொள்கிறார். அரபியிலிருந்து வந்த 'ஜாமீன்' என்ற சொல்லும் முதலில் பொறுப்பேற்கும் ஆளையே குறித்தது.

பொறுப்பேற்க ஆளில்லாத சிறுவனுக்கு? 2015ஆம் ஆண்டின் இந்திய இளைஞர் நீதிச் சட்டம், 12ஆம் பிரிவில், பிணையாள் இல்லாமலும் விடலாம் என்கிறது. நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலும் விடலாம். கொலை வழக்கானாலும் குற்றத்தின் கடுமை மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது. குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் சிதையும்: இவற்றில் ஒன்றை நம்ப நியாயமான காரணம் வேண்டும், அதை எழுதியும் வைக்க வேண்டும். எனக்கு மிகப் பிடித்தது இன்னொரு விதி. பிணை கிடைத்தும் 7 நாளில் நிபந்தனையை நிறைவேற்ற முடியாவிட்டால், அதை மாற்றியமைக்க அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஏழைப் பிள்ளை கூர்நோக்கு இல்லத்திலேயே மறக்கப்பட்டுவிடக் கூடாதல்லவா?