பறக்கும் தட்டா, டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் திருவள்ளூரில் இருக்கும் என் தம்பி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். ராத்திரி வானத்தில் கோலப்புள்ளி வைத்ததுபோல வரிசையாக வெளிச்சங்கள். சத்தமே இல்லாமல் ஊர்ந்து போகின்றன. "அத்தை, பறக்கும் தட்டா?" என்று கேட்டிருந்தான்.

அது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் கூட்டம். 2019 மே மாதத்திலிருந்து ஈலோன் மஸ்க்கின் கம்பெனி ஒரே ராக்கெட்டில் பத்துக் கணக்கில் அனுப்பி வருகிறது. ஏவிய முதல் சில நாட்கள் ரயில் பெட்டிபோல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், பிறகு பிரிந்துவிடும். 2021 டிசம்பரில் பஞ்சாப், ஜம்மு பக்கம் இதைப் பார்த்து ஜனங்கள் திகைத்துப் போனார்கள். தம்பி மகனுக்கு இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் அவன் கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

'பறக்கும் தட்டு' என்ற பேச்சு கிளம்பியது 1947 ஜூன் 24-ல். கென்னத் ஆர்னால்டு என்ற அமெரிக்க விமானி, ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருள்கள் மின்னிக்கொண்டு பறந்ததாகச் சொன்னார். பத்திரிகைகள் அதற்குத் தட்டு என்று பெயர் வைத்தன. அமெரிக்க விமானப்படை 1969 வரை இப்படி வந்த 12,618 புகார்களை விசாரித்தது. அதில் 701-க்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை.

நம் நாட்டிலும் அந்தக் காலத்திலேயே உண்டு. 1951 மார்ச்சில் டெல்லியில் விமானப் பயிற்சிச் சங்கத்தைச் சேர்ந்த பலர் பட்டப்பகலில் சுருட்டு வடிவில் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 1968-ல் லடாக், சிக்கிம், பூடான், நேபாளம் வானத்தில் தெரிந்த வெளிச்சங்களைப் பற்றி அமெரிக்க உளவுத்துறையே ஒரு அறிக்கை எழுதி வைத்திருந்தது. 2007 அக்டோபரில் கொல்கத்தாவில் விடியற்காலை ஒரு வெளிச்சத்தை வீடியோ எடுத்து, டிவி சேனல்கள் ஒரே அமர்க்களம் செய்தன. அது வெள்ளி கிரகம், அதாவது நம் பாட்டிமார் பார்த்து எழுந்து வாசல் தெளித்த அதே விடிவெள்ளி!

சங்க காலத்துக்குப் போனால் புறநானூற்றில் 229-ஆம் பாட்டு இருக்கிறது. கூடலூர் கிழார் பாடியது. ஒரு பங்குனி மாதத்து நடு ராத்திரியில் வானத்திலிருந்து ஒரு மீன் எரிந்து விழுந்ததைப் பார்க்கிறார். சேரமன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிறார். ஏழாம் நாள் அரசன் இறந்துபோகிறான். எரிகல்லுக்கும் அரசன் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். நான் கவனித்தது வேறொன்றை. எந்த நட்சத்திரம் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்துகொண்டிருந்தது, எது அடைந்துகொண்டிருந்தது என்று அந்தப் புலவர் வரிசையாகக் குறித்திருக்கிறார். கடிகாரம் இல்லாத காலத்தில் நேரம் குறித்தது அப்படித்தான். காரணம் சொன்னதில் தவறினார், பார்த்ததில் தவறவில்லை.

நம் கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு வானத்து வெளிச்சம் புதிதில்லை. சிப்காட் இரும்பு ஆலைகளின் உலை வெளிச்சம் மேகத்தில் பட்டுச் சிவப்பாகத் தெரியும். திருவள்ளூர் பக்கம் அரக்கோணம் கடற்படைத் தளத்தின் விமானங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்ரீஹரிகோட்டா, நம் ஊரிலிருந்து நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டர்கூட இருக்காது. ராக்கெட் ஏறுவது முதலில் கண்ணில் படும், அந்த உறுமல் வந்து சேரக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆகும். வெளிச்சமும் ஒலியும் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது.

விடியலிலோ அந்தியிலோ ஏவினால் இன்னொரு அதிசயம். தரையில் இருட்டு, ஆனால் உயரத்தில் இருக்கும் புகைக்கு இன்னும் வெயில். அதனால் புகை மட்டும் ஒளிரும். விஷயம் தெரியாதவர் பார்த்தால் நிச்சயம் பயந்துபோவார். நம் நாட்டிலிருந்து ஏவிய முதல் ராக்கெட்டே இப்படித்தான். 1963 நவம்பர் 21 அந்தியில் தும்பாவிலிருந்து போன ராக்கெட் சோடியம் ஆவியைக் கக்கியது, வானத்தில் ஆரஞ்சு நிற மேகம் படர்ந்தது. அதைப் பார்த்து மேலே காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று கணக்கிடுவதற்காகவே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2022 ஏப்ரல் 2 ராத்திரி மகாராஷ்டிரத்தில் வானம் எரிந்ததும், சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் விழுந்ததும் நினைவிருக்கலாம். அது சீன ராக்கெட்டின் மிச்சம். மறு வருடம் ஜூலையில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஒரு பெரிய உருளை ஒதுங்கியது. காணாமல் போன மலேசிய விமானத்தின் துண்டோ என்றுகூடப் பேசினார்கள். கடைசியில் பார்த்தால் அது நம் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் அடுக்கு! பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது அங்கே மர்மப் பொருளாகிவிட்டது.

நான் மிகவும் மதிப்பது லடாக் கதையை. 2012 ஆகஸ்ட் முதல் மறு வருடம் பிப்ரவரி வரை சீன எல்லையில் நம் ராணுவத்தினர் ஓர் ஏரிக்கு மேலே மர்ம வெளிச்சங்களை 329 தடவை பார்த்துப் பதிவு செய்தார்கள். சீனாவின் உளவு விமானமோ என்று சந்தேகம். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்து விஞ்ஞானிகள், எத்தனை மணிக்கு, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று காவல் வீரர்களைக் குறிக்கச் சொன்னார்கள். ஒன்று மாலை ஆறு மணி வாக்கில், இன்னொன்று விடியற்காலை நாலு மணிக்கு. முதலாவது வியாழன், இரண்டாவது வெள்ளி. செய்தி வந்தபோது பலர் ராணுவத்தைக் கேலி செய்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் குளிரில் நின்று நேரத்தையும் திசையையும் எழுதிய வீரன் இல்லாவிட்டால் அந்த விடை கிடைத்திருக்காது.

எல்லாவற்றுக்கும் விடை உண்டு என்றும் சொல்லமாட்டேன். 2023 நவம்பர் 19 மதியம் இம்பால் விமான நிலையத்துக்கு அருகே ஏதோ பறந்தது. விமானங்களைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். ரஃபேல் போர் விமானங்கள் போய்த் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அதை 'தெரியவில்லை' என்ற கட்டத்தில்தான் எழுத வேண்டும். வேற்றுக்கிரகவாசி என்று எழுதினாலும் தப்பு, பார்த்தவர்களுக்குக் கண் கோளாறு என்று எழுதினாலும் தப்பு.

இனி அந்தப் பழைய காரணம்.

1998 இருக்கும். எளாவூர் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் வீட்டுப்பாட நோட்டு கேட்டபோது ஒரு பையன் எழுந்து நின்றான். நோட்டு இல்லை. அதற்குப் பதில், "டீச்சர், நேத்து விளக்கு வைக்கிற நேரத்துல ஒரு நட்சத்திரம் திடீர்னு பெருசாச்சு டீச்சர். டார்ச் அடிச்ச மாதிரி. அப்புறம் அணைஞ்சு போச்சு" என்றான். நான், "வீட்டுப்பாடத்தைப் பறக்கும் தட்டு தூக்கிட்டுப் போயிடுச்சா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. பொய் சொன்னதற்காக மதியச் சாப்பாடு மணி அடிக்கும்வரை வெளியே நிற்க வைத்தேன். அன்றிலிருந்து அவன் பெயர் 'தட்டு'. பள்ளியை விட்டுப் போகும்வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் வகுப்பில் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு அறிவியல் பயிற்சி வகுப்பில் இரிடியம் செயற்கைக்கோள்களைப் பற்றிச் சொன்னார்கள். 1997 மே மாதம் முதல் ஏவியவை. ஒவ்வொன்றிலும் கதவு அளவுக்குப் பளபளப்பான மூன்று ஆண்டெனாத் தகடுகள். அந்தியில் சூரிய ஒளி அதில் பட்டுத் திரும்பினால், தரையில் நிற்பவருக்குச் சில நொடிகள் வெள்ளியைவிடப் பல மடங்கு பிரகாசமாகத் தெரிந்து மறையும். கைக்கண்ணாடியில் வெயில் பட்டு முகத்தில் அடிக்குமே, அதேதான். எனக்கு அங்கேயே முகம் சுண்டிப்போனது. அவன் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அதுதான். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அவனைக் கூப்பிட்டு அதைக் காட்டலாம் என்றால் இப்போது அதுவும் முடியாது. அந்தப் பழைய செயற்கைக்கோள்களைப் பெரும்பாலும் இறக்கி எரித்துவிட்டார்கள். 2019-க்குள் புதியவை வந்துவிட்டன, அவற்றில் அந்தத் தகடுகள் இல்லை.

தம்பி, நீ சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்தப் பக்கத்தை நீ படிப்பதாகவும் உன்னோடு படித்தவர்கள் சொன்னார்கள். பெயர் போடவில்லை, உனக்குத் தெரியும். டீச்சரை மன்னித்துவிடு. அன்றைக்கு அது வானத்தில் எந்தப் பக்கம் தெரிந்தது, எத்தனை நொடி இருந்தது, ஞாபகம் இருந்தால் எழுதுப்பா. நோட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.