மேடை உடையும் மலாயா இசை நாடகத்தின் தோற்றமும்

முன்னுரை

மலாய் இசை நாடகமான பங்சாவானின் வரலாறு ஒரு கொள்முதலில் தொடங்குகிறது. பம்பாயிலிருந்து வந்து பினாங்கில் ஆடிய பார்சி நாடகக் குழு ஒன்று கலைந்தபோது, அதன் உடைகளையும் மேடைப் பொருள்களையும் மாமாக் புஷி என்னும் உள்ளூர்ச் செல்வந்தர் வாங்கினார். அவற்றைக் கொண்டு 1885இல் 'புஷி இந்திரா பங்சாவான்' குழுவை அமைத்தார் என்று நாடக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். இந்த மண்ணின் இசை நாடகம் பரவிய வழியைக் காட்டும் முதன்மைச் சான்று மேடை உடையே என்பதும், அதை அருங்காட்சியகப் பொருளாகக் கருதிக் காக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பம்பாயிலிருந்து பினாங்குக்கு

பார்சி நாடக அரங்கு 1853இல் பம்பாயில் உருவானது. 1868இல் தொடங்கிய விக்டோரியா நாடகக் குழு போன்றவை அதைத் தொழில்முறைக் கலையாக வளர்த்தன. வரையப்பட்ட திரைகள், பாட்டு, நடனம், நகைச்சுவை ஆகியவற்றோடு பளபளக்கும் உடையும் சேர்ந்ததே அதன் கவர்ச்சி. லக்னோ கவிஞர் அமானத் எழுதிய 'இந்திரசபா' அக்குழுக்களின் விருப்ப நாடகம். அதில் வரும் தேவதைகள் புஷ்பராகம், நீலம், சிவப்பு, பச்சை என நிறத்தாலேயே பெயர் பெற்றவர்கள். மொழி புரியாத பார்வையாளரும் நிறத்தைக் கண்டே பாத்திரத்தை அறிந்துகொள்ள முடிந்தது. இந்துஸ்தானி மொழி நாடகம் மலாய், தமிழ், சீன மக்கள் கூடிய துறைமுக நகரில் வரவேற்புப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பங்சாவானில் உடையின் பணி

பங்சாவான் குழுக்கள் அரபு, இந்துஸ்தானி, சீன, மலாய், ஐரோப்பியக் கதைகளை மாறி மாறி ஆடின. நேற்று 'லைலா மஜ்னு', இன்று 'ஹாம்லெட்', நாளை மலாய் வீரன் ஹங் துவாவின் கதை. எழுதி வைத்த வசனம் குறைவு. கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு நடிகர்கள் மேடையிலேயே பேச்சை வளர்த்தார்கள். ஆகவே எந்த நாடு, எந்தக் குலம், நல்லவனா பூதமா என்பதை முதலில் அறிவித்தது உடைதான். கதாநாயகன் 'ஓராங் மூடா', கதாநாயகி 'ஸ்ரீ பங்கோங்', நகைச்சுவை நடிகர் 'ஆலி லாவாக்' என நிலையான பாத்திர வகைகள் இருந்தன. காட்சிகளுக்கு இடையே திரைக்கு முன்னால் பாட்டும் நடனமும் சிரிப்புமாக 'எக்ஸ்ட்ரா டர்ன்' நடந்தது. அந்த இடைவெளியில் திரைக்குப் பின்னே அடுத்த காட்சி ஆயத்தமாகும்.

தமிழ் மேடையின் உறவு

இதே காலத்தில் தமிழ்நாட்டு மேடையும் பார்சி, மராத்திக் குழுக்களின் பாதிப்பால் மாறிக்கொண்டிருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த நாடக மரபு, ஸ்பெஷல் நாடகமாக ஊர்த் திருவிழாக்களில் வேர்விட்டது. அதன் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (நகைச்சுவை நடிகர்) ஆகியோரைப் பங்சாவானின் பாத்திர வகைகளோடு ஒப்பிட்டால் இரண்டும் நெருங்கிய உறவுடையவை என்பது விளங்கும். ராஜபார்ட்டின் வெல்வெட் அங்கியும் ஜிகினா வேலையும் பார்சி மேடையின் எச்சங்கள். தெருக்கூத்தின் உடையோ வேறு மரபு: எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் நாடகமும் கூத்தும் ஆடி இம்மரபுகளை இங்கும் வாழவைத்தார்கள்.

1930களில் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் இயக்கிய 'லைலா மஜ்னு' மலாய்த் திரைப்படத்தில் பங்சாவான் கலைஞர்களே நடித்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் திரைப்படம் மேடையை வென்றது. பங்சாவான் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

லண்டன் தரும் பாடம்

புஷியின் குழு தோன்றிய அதே 1885இல், மார்ச் 14ஆம் நாள், லண்டன் சவாய் அரங்கில் கில்பர்ட்–சல்லிவன் இருவரின் 'மிக்காடோ' என்னும் நகைச்சுவை இசை நாடகம் அரங்கேறியது. முதல் சுற்றிலேயே 672 முறை ஆடப்பட்டது. 1926இல் ஓவியர் சார்லஸ் ரிக்கெட்ஸ் அதற்குப் புதிய உடைகளை வடிவமைத்தார். அந்த உடைகளில் சில விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. அங்கு நாடகத் தொகுப்பு உருவானதற்குக் காரணம், கேப்ரியல் என்தோவன் என்ற நாடக ஆர்வலர் தாம் சேர்த்தவற்றை 1924இல் கொடையாக அளித்ததே. ஒரு தனி மனிதரின் அக்கறை ஒரு கலையின் நினைவையே காத்தது. நமக்கும் அந்த அக்கறை வேண்டும்.

காக்கும் முறை

மேடை உடை எளிதில் அழியக்கூடியது. வியர்வை துணியை அரிக்கும்; சரிகை கறுக்கும்; எடை மிகுந்த மணிவேலை பழைய பட்டைக் கிழிக்கும். நம் நாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சை விரைவில் படரும். இதனால்தான் அருங்காட்சியகங்கள் பழந்துணிக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் ஒளியே தருகின்றன. ஈரப்பதத்தையும் கட்டுக்குள் வைக்கின்றன. வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு: துவைக்காமல், இஸ்திரி போடாமல், சாயமேற்றாத சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பு அழுந்தாமல் வைக்கலாம். கிழிசலையும் வியர்வைக் கறையையும் அப்படியே விடுவது நல்லது. யார் எப்படி ஆடினார் என்பதற்கு அவையே சான்று.

முடிவுரை

கோலாலம்பூரில் 1963 முதல் தேசிய அருங்காட்சியகமும், 2010 முதல் தேசிய ஜவுளி அருங்காட்சியகமும் இயங்குகின்றன. 1981இல் தோன்றிய, பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நாட்டிய நாடகங்களை இன்றும் மேடையேற்றி வருகிறது. காப்பதற்கான நிறுவனங்கள் உள்ளன. ஒப்படைக்கும் கைகளே தேவை. செலாயாங், பத்துமலை, கிள்ளான் வட்டாரக் குடும்பங்களிடம் தாத்தா பாட்டி அணிந்த நாடக உடையோ கிரீடமோ இருந்தால், ஆடிய நாடகம், ஊர், ஆண்டு, நடிகர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடையோடு சேர்த்து வையுங்கள். பிறகு அருங்காட்சியகத்தை அணுகுங்கள். விவரம் இல்லாத உடை வெறும் பழந்துணியாகிவிடும்; விவரத்தோடு வருவது வரலாற்று ஆவணம்.